பலகையின் மூலையில் ஒரு பானை

நீங்கள் அதைப் படிக்கிறீர்கள். அதனால்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். தப்பாக நினைக்காதீர்கள். இந்த நிறுத்தத்தில் தினமும் எத்தனையோ பேர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். எதிரே கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் மின்சாரப் பலகையில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. நீங்கள் மேலிருந்து கீழே வரை படித்தீர்கள். உதடு கூட அசைந்தது. எனக்குத் தெரிந்து அந்தப் பலகையைப் படித்த மூன்றாவது ஆள் நீங்கள்தான்.

பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. இரண்டரை மணி வண்டி வராது. அது அட்டவணையில் மட்டும்தான் வரும்.

மனை பார்க்க வந்ததாகச் சொன்னீர்கள். தண்ணீர் எப்படி என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். எழுத்தெல்லாம் சுவரில் கற்றுக்கொண்டது. கடைப் பெயர், லாரி முதுகு, கல்யாண மண்டபம், எல்லாம் எழுதியிருக்கிறேன். இந்தக் கம்பெனி தோலுக்குச் சாயம் ஏற்றுகிற ரசாயனம் செய்கிறது. உள்ளே சுவரில் 'புகை பிடிக்காதீர்' என்று எழுத வந்தவன் நான். மேனேஜர் கஜபதி சார் பின்னால் நின்று பார்த்தார். "எழுத்து அச்சு மாதிரி இருக்குதேய்யா, இங்கேயே இருந்துடு" என்றார். இருந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்திருந்தது. கம்பெனி எவ்வளவு கழிவுநீர் விடுகிறது, அதில் உப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று வாசலில் எழுதி வைக்க வேண்டும். ஊர் ஜனம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது மின்சாரப் பலகை இருக்கிற இடத்தில் அப்போது சிமெண்டுப் பலகை. ஆறடிக்கு நாலடி, கறுப்புப் பெயிண்ட். தலைப்பெல்லாம் வெள்ளைப் பெயிண்டில் நானே எழுதினேன். ஒரு பக்கம் அனுமதிக்கப்பட்ட அளவு, இன்னொரு பக்கம் இன்றைய அளவு. இன்றைய அளவு மட்டும் சாக்பீஸ். தினமும் காலை ஒன்பது மணிக்கு லேபிலிருந்து முரளிதரன் சார் ஒரு சீட்டு கொடுப்பார். அதைப் பார்த்து நான் எழுத வேண்டும். பதினோரு வருடம் எழுதினேன். ஒரு நாள்கூடப் பலகை காலியாக இருந்ததில்லை. அதை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள்கூட.

பலகை வருவதற்கு முன்பு என் வீட்டுக்காரி, பூங்காவனம் அவள் பெயர், குடிக்கத் தண்ணீருக்கு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போவாள். அங்கே ஆற்றுத் தண்ணீர் பைப்பு இருக்கிறது. போகவர இரண்டு மைல். எங்கள் வீட்டிலேயே கிணறு இருக்கிறது, ஆனால் கம்பெனி வந்த பிறகு அந்தத் தண்ணீரில் சோறு வடித்தால் மஞ்சளாக இருக்கிறது என்பாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் பலகை எழுத ஆரம்பித்த முதல் வாரம், சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்.

"இன்னாய்யா, இன்னிக்கு இன்னா எழுதின?"

"உப்பு இரண்டாயிரத்து நூறுக்குள்ள இருக்கணும். ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சம்தான் இருக்குது."

"அப்படின்னா?"

"நல்லா இருக்குதுன்னு அர்த்தம்."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னை வைத்துத்தான் அவள் அந்தப் பலகையைப் படித்தாள். தினமும் கேட்பாள். நல்லா இருக்குது என்பேன். ஒரு மாதம் போனதும் குடத்தைக் கொண்டுபோய் பரண்மேல் போட்டுவிட்டாள். கிணற்றுத் தண்ணீரையே குடித்தோம். அவள் இரண்டு மைல் நடக்காமல் இருப்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கம்பெனி வேலையால் வீட்டுக்கு ஒரு நல்லது நடந்தது என்றால் அதுதான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டு இன்னும் நாலு வீட்டில் குடத்தைப் பரணில் போட்டார்கள்.

சீட்டு முதலில் தினமும் வந்தது. பிறகு முரளி சார் திங்கட்கிழமை கொடுக்கும்போதே சனிக்கிழமை வரைக்கும் சேர்த்து எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். வியாழக்கிழமைத் தண்ணீரின் கணக்கு திங்கட்கிழமையே என் சட்டைப்பையில் இருக்கும். எனக்கும் வேலை சுலபம். சில வாரம் அதுவும் வராது. ஜன்னலில் தட்டினால், "நேத்து போட்டதையே கொஞ்சம் முன்னப் பின்னப் போட்டுக்க ஏகாம்பரம், உனக்குத் தெரியாததா" என்பார். எனக்குத் தெரியும்தான். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது என்று முழுசாக எழுதக்கூடாது. பொய் மாதிரி இருக்கும். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு என்று எழுத வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எழுத எழுதக் கைக்கு வந்துவிடும்.

ஆனால் வந்த சீட்டில் ஒன்றைக்கூட நான் தூக்கிப் போட்டதில்லை. கம்பியில் குத்திக் குத்தி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். எல்லாவற்றிலும் முரளி சார் கையெழுத்து, தேதி. நான் பொறுப்பானவன்.

பலகையைக் கண்ணால் படித்த முதல் ஆள் லில்லி டீச்சர். அங்கன்வாடி டீச்சர். இருபத்திரண்டு பிள்ளைகள் அவரிடம். ஊர் போர்வெல் தண்ணீரில்தான் சமையல். மழையோ வெயிலோ ஒன்பதேகாலுக்குக் குடையோடு வந்து நிற்பார். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்.

"அண்ணே, இது எட்டா, ஆறா?"

"ஆறு டீச்சர்."

"ஆறு மாதிரி போடுங்கண்ணே. நாளைக்கு யாராவது கேட்டா நான் பதில் சொல்லணும்."

எனக்கு அது பெருமையாக இருந்தது. ஒருத்தர் படிக்கிறார். அவருக்காகவே எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். சாக்பீஸை நனைத்து எழுதினால் பளிச்சென்று தெரியும். அப்படி எழுதினேன்.

ஒரு வருடம் பொங்கல் வந்தது. போகியோடு சீட்டு முடிந்துவிட்டது. அடுத்த மூன்று நாள் கம்பெனி விடுமுறை. கேட்டில் பூட்டு. பாய்லர் அணைத்துவிட்டார்கள், வாட்ச்மேன் மட்டும் இருக்கிறார். நான் வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் பொங்கலன்று காலை இந்தப் பக்கமாக வந்தேன். ஊரில் எல்லா வாசலிலும் கோலம். பலகையில் மட்டும் போகித் தேதி. பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. சாவு விழுந்த வீட்டு வாசல் மாதிரி. மனசு கேட்கவில்லை. துடைத்துவிட்டுப் புதுத் தேதி போட்டு, அளவெல்லாம் எழுதினேன். நல்ல நாளாச்சே என்று மூலையில் மஞ்சள், சிவப்பு சாக்பீஸில் ஒரு பானை வரைந்தேன். இரண்டு பக்கமும் கரும்பு. மறுநாள் அளவோடு ஒரு மாட்டுத் தலை. மூன்றாம் நாள் என்ன வரைவது என்று தெரியவில்லை. பானையையே மறுபடி வரைந்தேன்.

அழகாக வந்தது. லில்லி டீச்சர் வந்து பார்த்தார். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நோட்டில் பானையையும் பார்த்து வரைந்துகொண்டார். நான் அவர் எதிரிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் கம்பெனியைப் பெரிதாக்கப் போகிறோம் என்று சொல்லி, ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால் டீச்சர் வீட்டுக்கு வந்தார். பூங்காவனம் பாய் போட்டாள். டீச்சர் உட்காரவில்லை. சுவரில் மாட்டியிருந்த கம்பியையே பார்த்தார்.

"இதெல்லாம் லேப் சீட்டாண்ணே?"

"ஆமாம் டீச்சர். ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடல."

ஒன்றிரண்டைப் புரட்டிப் பார்த்தார். திங்கட்கிழமைச் சீட்டில் சனிக்கிழமை வரை எழுதியிருப்பதைப் பார்த்தார்.

"கூட்டத்துக்கு இதை எடுத்துக்கிட்டு வருவீங்களாண்ணே? நீங்க ஒண்ணும் பேச வேணாம். கம்பியோட எடுத்துட்டு வந்து மேசையில வெச்சாப் போதும்."

"பார்க்கிறேன் டீச்சர்" என்றேன்.

பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. அதை அவர் பிறகு வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். காலை பதினோரு மணி. நீல நாற்காலி ஒவ்வொன்றிலும் ஒரு தண்ணீர் பாட்டில், மூடி திறக்காதது. மேடையில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி, கஜபதி சார், கம்பெனிக்காரர்கள் இன்னும் இரண்டு பேர். நான் சுவர் ஓரமாக நின்றேன். கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. பூங்காவனம் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

லில்லி டீச்சர் எழுந்து நோட்டைப் பிரித்தார்.

"சார், பொங்கல் மூணு நாளும் கம்பெனி பூட்டியிருந்துச்சு. உள்ள யாரும் இல்ல. ஆனா பலகையில இத்தனை லிட்டர் கழிவுத் தண்ணி போச்சு, அதுல உப்பு இவ்வளவுன்னு எழுதியிருக்குது. கம்பெனியே ஓடாதப்ப இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

அதிகாரி, "அந்தத் தேதிதான்னு எப்படிச் சொல்றீங்கம்மா?" என்றார்.

"பக்கத்துல பொங்கப் பானை வரைஞ்சிருந்துச்சு சார்" என்று நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

மண்டபமே சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "ஏகாம்பரம், தீவாளிக்கு அணுகுண்டு வரைஞ்சியா?" என்றான். இன்னொருவன், "ஊரே பொங்குறப்ப கம்பெனி பொங்கக் கூடாதா டீச்சர்?" என்றான். டீச்சர் சிரிக்கவில்லை.

"மூணு நாள் பொய்யின்னா மீதி நாள் எப்படி சார் நம்புறது? நான் இதைப் பார்த்துத்தான் பிள்ளைங்களுக்குத் தண்ணி குடுக்குறேன்."

அப்போது சிரிப்பு நின்றது. கஜபதி சார் அதிகாரியின் காதில் என்னவோ சொன்னார். அதிகாரி என்னை மேடைக்குக் கூப்பிட்டார். போனேன்.

"பலகை எழுதுறது நீங்கதானா?"

"ஆமாங்க."

"அந்த மூணு நாள் அளவை உங்களுக்கு யார் குடுத்தது?"

"பொங்கல் மூணு நாளா சார்?"

"ஆமா, அந்த மூணு நாள்."

"யாரும் குடுக்கல சார். நானா எழுதினது."

நான் பொய் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள், இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? அத்தனை பேர் எதிரில், மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, தப்பு என்னுடையது என்று உண்மையைச் சொன்னேன். எத்தனை பேர் சொல்வார்கள்? மற்ற நாட்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம், "எழுதிக்கங்க, பலகை எழுதுபவரின் கவனக்குறைவு" என்றார். கஜபதி சார் மைக்கை வாங்கினார். "ஒளிவுமறைவு இல்லாம இருக்கறதுதான் எங்க கம்பெனியோட கொள்கை. தப்பு எங்க நடந்ததுன்னு உங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டோம். இனிமே மனுஷன் கையே படாத மின்சாரப் பலகை வைக்கப் போறோம்" என்றார். கை தட்டினார்கள். டீச்சரின் நோட்டை அதிகாரி கேட்டு வாங்கிக்கொண்டார். கோப்பில் சேர்க்க வேண்டும் என்றார். டீச்சர் தயங்கினார். பிறகு கொடுத்துவிட்டார்.

கொடுக்கும்போது என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். கையில் ஏதாவது இருக்கிறதா என்று.

வீட்டுக்கு நடந்து வரும்போது பூங்காவனம் பின்னால் வந்தாள். வழக்கமாக வழி முழுக்கப் பேசிக்கொண்டு வருவாள். அன்றைக்கு நாலடி தள்ளியே வந்தாள். சாயங்காலம் எதுவும் கேட்கவும் இல்லை. கூட்டத்திலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாளே, அதனால் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கஜபதி சாரே வீட்டுக்கு வந்தார். மேனேஜர் எங்கள் தெருவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கார் உள்ளே வராது. நடந்து வந்தார்.

"ஏகாம்பரம், உண்மையைச் சொன்ன பார், அதுக்காகவே உன்னை வேலையை விட்டுத் தூக்கல. தோட்டத்துல போட்டிருக்கேன். நிழல்ல வேலை." பிறகு சுவரைப் பார்த்தார். "சீட்டெல்லாம் பத்திரமா வெச்சிருக்கியாமே. ஆபீஸ்ல இருந்தா இன்னும் பத்திரமா இருக்கும்."

கம்பியோடு கழற்றிக் கொடுத்தேன். கம்பெனிச் சீட்டு, கம்பெனி கேட்கிறது. கொடுக்காமல் எப்படி இருக்க முடியும்? பூங்காவனம் காபி கொண்டுவந்தாள். அவர் "வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேன்" என்றார். பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அவர் தெரு திரும்புகிற வரை பூங்காவனம் டம்ளரோடு வாசலில் நின்றாள்.

"பாத்தியா?" என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

அன்று மத்தியானமே டீச்சர் வந்தார். வெறும் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. "குடுத்துட்டீங்களாண்ணே" என்றார். அவ்வளவுதான். நோட்டைத் திருப்பி வாங்க மூன்று முறை அந்த அதிகாரியின் ஆபீஸுக்கு அலைந்தார் என்று கேள்விப்பட்டேன். கோப்பு வேறு இடத்துக்குப் போய்விட்டது என்றார்களாம். அந்த வருடமே அங்கன்வாடிக்குக் கம்பெனி ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி கொடுத்தது. 'அன்பளிப்பு' என்று அதில் எழுதியதும் நான்தான். நல்ல நீல எழுத்து. டீச்சரைப் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். தொட்டியில் ஏறுவது அதே போர் தண்ணீர். டீச்சர் இப்போது என்னோடு பேசுவதில்லை. அவர் குணம் அப்படி.

பூங்காவனம் என்ன செய்தாள் தெரியுமா? மேனேஜர் வந்துபோனதற்கு மறுநாள் விடியற்காலையில் பரணில் ஏறிப் பழைய குடத்தை இறக்கினாள். புளி போட்டுத் தேய்த்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு ரயில்வே கேட் பக்கம் நடந்தாள். வயது ஐம்பத்திரண்டு. முழங்கால் வலி வேறு. "எதுக்குடி இந்த வீம்பு, கிணறு வீட்டிலேயே இருக்குது" என்றேன். சண்டை போடவில்லை. நடந்துகொண்டே இருந்தாள். மற்ற நாலு வீட்டுக்காரர்களும் குடத்தை இறக்கினார்களா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை.

ஒரு வருடத்துக்குள் கால் வீங்க ஆரம்பித்தது. நடந்து நடந்துதான் வீங்குகிறது என்று திட்டினேன். தைலம் தேய்த்துவிட்டேன். பிறகு முகமும் வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். "எந்த ஊர், என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று ஒரு சின்ன டாக்டரம்மா கேட்டார். "நல்ல தண்ணிதாங்க" என்றேன். எழுதிக்கொண்டார். தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் இன்னும் மூன்று பேருக்கு அதே வியாதி. அதைப் பற்றியும் யாரும் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

கடைசியில் அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று கட்டுப்பாடு. ஒரு மத்தியானம் நாக்கு வறண்டு கிடந்தாள். டம்ளரில் கால்வாசி ஊற்றி நீட்டினேன். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். கூட்டத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டாள்.

"இது எந்தத் தண்ணி?"

"நல்ல தண்ணிதான், குடி."

டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சீட்டுல வந்ததா, நீயா சொல்றதா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் கடையில் வாங்கின பாட்டிலை எடுத்து, மேலே ஒட்டியிருந்ததைப் படித்துக் காட்டினேன். அவளுக்கு என்னவோ சிரிப்பு வந்தது. டம்ளரை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டாள். மூன்று நாள் கழித்துப் போய்விட்டாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தோட்ட வேலையிலிருந்தும் நின்றுவிட்டேன். தினமும் சாப்பிட்டுவிட்டு இங்கே வந்து உட்காருகிறேன். இந்த மின்சாரப் பலகையைப் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கிறது. எட்டா, ஆறா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. போன பொங்கலுக்கும் கேட் பூட்டியிருந்தது. அப்போதும் இதில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். மூன்று நாளும் நான் இங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். ஆனால் இது பானை வரைவதில்லை. அதனால் யாருக்கும் தெரியாது.

உங்கள் வண்டி வருகிறது பாருங்கள், புளியமரத்துத் திருப்பத்தில். பையை எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எப்படி என்று கேட்டீர்கள். மனை வாங்குகிறவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நான் சொல்வதற்கில்லை. தப்பாக நினைக்காதீர்கள். நானாக எதையும் சொல்வதை விட்டுவிட்டேன். என்னிடம் சீட்டு இல்லை.